மீனில் எண்ணிய செபமாலை

செய்தி வந்தபோது என் கையில் ஏழாவது மீன் இருந்தது. பள்ளிவாசலில் மதிய வாங்கு சொல்லிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. கடற்கரையில் மீன் காயப்போடும் எங்கள் கருவாட்டு வாடியில், கட்டா மீனைப் பிளந்து குடல் எடுத்து உப்புத் தொட்டிக்குப் போடும் பலகையின் ஒரு நுனியில் நானும் மறு நுனியில் ஜெஸீமா ராத்தாவும் நின்றோம். நடுவில் ஓர் இடம் மூன்று மாதமாக வெறுமையாகக் கிடந்தது. ராத்தாவின் மடியில் போன் அடித்தது. கையைத் துடைத்து எடுத்துக் கேட்டவர், அதைத் திரும்ப மடியில் வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "புள்ள, றீற்றா மவுத்தாகிட்டா."

நான் கத்தியைக் கீழே வைக்கவில்லை. எட்டாவது மீனை எடுத்தேன். ஒன்பதாவதை எடுத்தேன். பத்தாவதையும் பிளந்து, ஒரு பிடி உப்பைத் தூவிவிட்டுத்தான் மணலில் உட்கார்ந்தேன். அந்த மூன்று மீனுக்கும் என் வாய் செபம் சொன்னதா, இல்லை கை வெறுமனே எண்ணிக்கையை முடித்ததா என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். றீற்றா அக்காவின் கடைசி மூன்று மாதங்களும் இந்த ஒரு கேள்வியில்தான் போயின. அந்தக் கேள்வியை அவர் மனதில் போட்டவள் நான்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு அடிக்கும் சிறு புத்தகத்தில் போட ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய கணவர் சூசை அண்ணன் கேட்டார். "நீ மறைக்கல்வி படிப்பிக்கிறவள், வடிவா எழுது" என்றார். மனைவியைப் புதைத்துவிட்டு வந்த மனிதரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வடிவாக எழுத என்னால் ஆகாது அண்ணா. நடந்ததை எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவை அறிந்தவர்கள் படித்துவிட்டு என்னைத் திட்டுவதென்றால் தாராளமாகத் திட்டலாம்.

பதினொரு வருடம் அவருக்கு இடப்பக்கம் நின்று மீன் வெட்டினேன். அவர் மீன் வெட்டும் விதம் உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு மீனுக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே'. பத்து மீன் முடிந்தால் ஒரு பிடி உப்பு. அந்த உப்பைத் தூவும்போது பரலோகத்தில் இருக்கிற பிதாவுக்கு. ஐம்பது மீனில் ஒரு செபமாலை முடியும். செபமாலையின் தொடக்கத்தில் வரும் மூன்று மணிகளை மட்டும் காலையில் கத்தி தீட்டும்போதே சொல்லிவிடுவார், இல்லாவிட்டால் எண்ணிக்கை குழம்பும் என்பார். உதடு அசையும், சத்தம் வராது. நடுவில் யாராவது கதை கொடுத்தால் பதிலும் சொல்வார், சிரிப்பார், தேவைப்பட்டால் சண்டையும் பிடிப்பார். எத்தனையாவது மீன் என்பது மட்டும் அவருக்குத் தவறாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி ஹாஜியார் ஒருநாள் வந்து, விடிந்ததிலிருந்து எத்தனை மீன் வெட்டினீர்கள் என்று கேட்டார். "நாலு செபமாலை ஹாஜியார்" என்றார் அக்கா, தலை நிமிராமல். ஹாஜியார் முழித்துக்கொண்டு நின்றார். மறுபக்கம் நின்ற ஜெஸீமா ராத்தா, "ரெண்டு தஸ்பீஹ் ஹாஜியார்" என்று மொழிபெயர்த்தார். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கை விட்டு வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இந்தக் கரையில் வளர்ந்தவர் அவர். தொழுத பின் எண்ணும் தஸ்பீஹ் மாலையில் தொண்ணூற்றொன்பது மணிகள். இரண்டு செபமாலைக்கோ நூறு மீன். இந்த ஒரு மீனுக்காக இரண்டு பேரும் வருடக்கணக்காகக் கொழுவினார்கள். "உங்கட தஸ்பீஹில ஒண்டு குறையுது ராத்தா" என்பார் அக்கா. "குறையல்ல புள்ள, அது பூனைக்கு எழுதின ரிஸ்கு" என்பார் ராத்தா. ரிஸ்கு என்றால் படைத்தவன் அளந்து வைத்த சாப்பாடு. சொல்லிவிட்டு வாசலில் படுத்திருக்கும் பூனைக்கு உண்மையாகவே ஒரு மீன் தலையை எறிவார். பிறகு ஹாஜியாரும் செபமாலையிலேயே கேட்கத் தொடங்கிவிட்டார்.

"கை முதலாளிக்கு, வாய் மாதாவுக்கு" என்று அக்கா பகிடியாகச் சொல்வார். அப்போது மனசு யாருக்கு அக்கா என்று ஒருநாள் கேட்டேன். "மனசு அன்ரனுக்கு" என்றார். அதில் பகிடி இருக்கவில்லை.

அன்ரன் அவருடைய ஒரே மகன். மூன்று வருடங்களுக்கு முன் சிலாபம் பக்கத்திலிருந்து பலநாள் வள்ளம் ஒன்றில் மேலும் நால்வரோடு ஆழ்கடலுக்குப் போனான். இருபது நாளில் வர வேண்டிய வள்ளம் வரவில்லை. தேடினார்கள். ஒரு பலகைத் துண்டோ ஒரு மிதப்போ கரைக்கு வரவில்லை. ஒரு வருடம் போன பின் இறந்தவர்களுக்கான பூசை ஒன்று வைக்கலாமே என்று ஊரில் கேட்டபோது அக்கா எழுந்து போய்விட்டார். பிறகு பலகையடியில் எனக்கு மட்டும் சொன்னார்: "அவன் வழியில நிக்கிறான் திரேசா. நான் ஒரு மரியே சொன்னா அவன் ஒரு பாகம் கிட்ட வாறான். அப்பிடித்தான் நான் வைச்சிருக்கிறன்." பாகம் என்பது இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம், எங்கள் ஆட்கள் கடலின் ஆழத்தை அப்படித்தான் அளப்பார்கள். ஒரு மீன், ஒரு மரியே, ஒரு பாகம். நாளொன்றுக்கு நானூறு, ஐந்நூறு மீன். மூன்று வருடத்தில் எத்தனை பாகம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி என் வாய்க்கு வருகிறேன். இந்தத் தவக்காலத்தில் எங்கள் கோவிலில் மூன்று நாள் தியானம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்தவர் நன்றாகத்தான் பேசினார். ஆண்டவருக்குக் கொடுக்கும் நேரத்தை வேறெதோடும் கலக்காமல் கொடுங்கள் என்றார். நான் அதைக் கொப்பியில் எழுதி இரண்டு முறை அடிக்கோடும் போட்டேன். அவர் எங்கள் பலகையைக் கண்டவர் அல்ல, அவரில் ஒரு பிழையும் இல்லை. மறுநாள் வாடியில் மீன் மலையாகக் குவிந்து கிடந்தது. கட்டாவின் முள் என் விரலில் ஏறி, அதற்குள் உப்பும் போய், உயிர் போகிற எரிவு. பக்கத்தில் அக்கா உதட்டை அசைத்தபடி நிம்மதியாக வெட்டிக்கொண்டிருந்தார். அந்த நிம்மதி எனக்குப் பொறுக்கவில்லை என்பதுதான் உண்மை.

"அக்கா, மாதா என்ன மீன் எண்ண வந்தவவா?" என்றேன். "செபத்துக்கு ஒரு நேரம், வேலைக்கு ஒரு நேரம் வைக்கோணும். குடலுக்குள்ள கையை வைச்சுக்கொண்டு சொல்லுறது செபம் இல்ல, எண்ணிக்கை. அது எங்கயும் போய்ச் சேராது."

அக்காவின் உதடு நின்றது. பலகையில் பாதி பிளந்த மீன் கிடந்தது. "அப்ப அன்ரனுக்கு நான் சொன்னதெல்லாம்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கடையில் ஒரு சாமான் இருக்கிறதா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

அந்த இடத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். 'விசர்க் கதை அக்கா, விடுங்கோ' என்றாவது சொல்லியிருக்கலாம். நான் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு, "எனக்கென்ன தெரியும்" என்றேன். அவர் அந்த மீனை முடிக்காமல் கத்தியைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். பதினொரு வருடத்தில் அவர் பாதியில் விட்ட மீன் அது ஒன்றுதான். அதை நான் வெட்டி முடித்தேன்.

மறுநாள் அவர் வரவில்லை. காலைப் பூசைக்குப் போனவர் விளக்கு வைக்கும் நேரம் வரை கோவிலிலேயே முழங்காலில் இருந்தார் என்று கேள்விப்பட்டேன். முதல் நாள் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நான் சொன்னது ஒருவர் மனதில் தைத்திருக்கிறதே என்று நினைத்தேன். என்னைப் போன்ற ஒருத்தியை உங்கள் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்க விட்டிருக்கிறீர்கள்.

ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. சூசை அண்ணன் இடுப்பு முறிந்து கடலை விட்டவர்; அந்த வீட்டில் உலை வைத்தது அக்காவின் கைதான். அயல் வீட்டார் சோறு கொடுத்தார்கள். அக்கா அதையும் தொடவில்லை, ஒருசந்தி நோன்பு என்று சொல்லிவிட்டார். அவருக்குச் சீனி வருத்தம் இருந்தது, பட்டினி கிடக்கக் கூடாத நீரிழிவு. ஜெஸீமா ராத்தா ஒருநாள் என் கத்தியைப் பிடித்து நிறுத்தி, "நீதானே வாயால அனுப்பினாய், நீயே போய்க் கூட்டிக்கொண்டு வா" என்றார்.

போனேன். கோவிலில் வேறு ஒருவரும் இல்லை. பீடத்துக்கு முன், விரிப்பு எதுவும் இல்லாத சீமெந்துத் தரையில் அக்கா முழங்காலில் நின்றார். நாங்கள் எல்லோரும் காலில் கொண்டுவந்து கொட்டும் கடல் மணல் அந்தத் தரையில் எப்போதும் கிடக்கும். அவர் கையில் மீன் மணம் இல்லை. தேசிக்காய் தேய்த்துக் கழுவியிருந்தார். நான் கிட்டப் போனதும் செபமாலையை என்னிடம் நீட்டினார்.

"பார் திரேசா, எனக்கு மணி பிடிபடுதில்ல" என்றார். அவருடைய விரல் நுனிகள் எத்தனையோ வருட உப்பில் ஊறித் தடித்து மரத்துப்போனவை. சிறிய மணிகள் அந்த விரலுக்குத் தெரியவில்லை. "எத்தினாவது எண்டு தெரியாமப் போகுது. திரும்ப முதல்ல இருந்து தொடங்குறன். விடியத் தொடங்கினது, இன்னும் ஒரு மாலை முடியேல்ல. மூண்டு வருசமா அவன் நிண்ட இடத்திலயே நிக்கிறான். இப்பதான் கைசுத்தமாச் சொல்லுறன். இதையும் பிழையாச் சொன்னா அவன் என்னெண்டு வருவான்?"

நான் அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் விழுந்தேன். நான் சொன்னது பிழை, என் விரல் எரிவில் சொன்னது, அதை மறந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அழுதேன். அவர் என் கண்ணைத் துடைத்துவிட்டார். "நீ பிழையாச் சொல்லேல்ல. நீ படிச்சதைச் சொன்னாய். இப்ப என்ர நிலையைப் பார்த்து இரக்கத்தில மாத்திச் சொல்லுறாய்" என்றார். ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை. அதைத் திருப்பி எடுக்க எத்தனையோ தரம் போனேன், ஒரு தரமும் முடியவில்லை.

முழங்காலில் புண் வந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சேலைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பவும் அதே இடத்தில் நின்றார். மணத்தை வைத்துத்தான் சூசை அண்ணன் கண்டுபிடித்தார். புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காய்ச்சல் ஏறியிருந்தது. அங்கே தங்களால் ஆனதை எல்லாம் செய்தார்கள். மூன்று வாரம் கிடந்தார். நானும் ஜெஸீமா ராத்தாவும் வேலை விட்டதும் பஸ் ஏறி, நுரைச்சோலை தாண்டிப் புத்தளம் போய், பார்க்க விடும் அந்தச் சிறிது நேரம் கட்டிலடியில் நிற்போம்.

ஒருநாள் ராத்தா பொறுமை இழந்துவிட்டார். "இஞ்ச பாருங்க றீற்றா" என்றார். "எங்களுக்கும் சுத்தம் இருக்கு. கை கால் கழுவி ஒளுச் செய்யாமத் தொழுகைக்கு நிக்க மாட்டம். ஆனா தொண்ணூறில நாங்க மன்னாரை விட்டு நடக்கேக்க, என்ர உம்மா தலையில மூட்டை, இடுப்பில தம்பி, வழி நெடுக ஓதிக்கொண்டுதான் வந்தா. பாய் விரிக்க இடமா இருந்தது? தண்ணியா இருந்தது? அது படைச்ச ரப்புக்குக் கேக்கல்லயா?"

அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "உங்கட உம்மாவுக்குப் பிள்ளையள் கையில இருந்தாங்கள் ராத்தா" என்றார். ராத்தா அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

நாங்கள் புறப்படும்போது அக்கா என் சேலையைப் பிடித்தார். நாளைக்கு வரும்போது மீன் கொண்டுவா என்றார். சாப்பிடவா அக்கா என்று கேட்டேன். "எண்ண" என்றார்.

ஆஸ்பத்திரி வாட்டுக்குள் பச்சை மீனைக் கொண்டுபோக முடியுமா? ஜெஸீமா ராத்தா வாடியில் காய்ந்துகொண்டிருந்த நெத்தலியில் நேரானதாகப் பார்த்துப் பத்து எடுத்து, பழைய பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அக்கா போர்வைக்குள்ளே பேப்பரைப் பிரித்தார். ஒவ்வொரு நெத்தலியாக இடது கையிலிருந்து வலது கைக்கு மாறியது. உதடு அசைந்தது. மூன்று மாதமாக நான் காணாத அந்த முகம் திரும்பி வந்தது. மருந்து கொடுக்க வந்த சிங்களத் தாதி மூக்கைச் சுளித்து, "அம்மே, என்ன இது மணம்?" என்றார். ராத்தா இரண்டு பாஷையையும் கலந்து, இது எங்கள் செபமாலை என்று விளங்கப்படுத்தினார். தாதி சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, பக்கத்து யன்னலைத் திறந்துவிட்டுப் போனார்.

பத்து முடிந்ததும் அக்கா, "இப்ப எண்ணிக்கை சரி" என்றார். எனக்கு உயிர் வந்தது. அப்படியென்றால் போய்ச் சேருமென்று நம்புகிறீர்களா அக்கா என்று அவசரப்பட்டுக் கேட்டேன். ஓம் என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. அது என் பாரத்தை இறக்குவதற்காகவும்தான்.

"போய்ச் சேருமோ இல்லையோ எனக்குத் தெரியாது திரேசா. எனக்கு வேற மாதிரிச் சொல்லத் தெரியாது" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. மறுநாள் மீன் அதிகம். ஹாஜியார் ஆள் போதாது என்றார். போகாமல் நின்று வெட்டினோம். அடுத்த நாள் மதியம் ராத்தாவின் போன் அடித்தது.

அவருடைய பொருட்களை வாங்கச் சூசை அண்ணனோடு நாங்களும் போனோம். அந்தத் தாதி ஒரு பையைத் தந்தார். ஒரு சீப்பு, செபமாலை, மாற்றுச் சேலை, மடித்த பேப்பர். பேப்பரில் ஒன்பது நெத்தலி இருந்தது. "ஒண்டு குறையுது" என்றேன், யோசிக்காமல். "அது..." என்று தொடங்கிய ஜெஸீமா ராத்தா, அந்தப் பழைய பூனைப் பகிடியைச் சொல்லி முடிக்க முடியாமல் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தாதி தான் அறிந்த தமிழில் சொன்னார்: "கையில ஒண்டு இருந்தது. இறுக்கிப் பிடிச்சது. நான் எடுக்க இல்ல."

பெட்டிக்குள் அக்காவின் கைகளில் முறைப்படி செபமாலை சுற்றியிருந்ததை நீங்கள் எல்லோரும் கண்டீர்கள். அந்த வலது கை ஏன் மூடியிருந்தது என்று சிலர் கேட்டீர்கள். இப்போது தெரிந்துகொள்ளுங்கள். பங்குச் சுவாமி தீர்த்தம் தெளித்தபோது அந்தக் கைக்குள் ஒரு நெத்தலிக் கருவாடு இருந்தது. அது எத்தனையாவது என்று யாருக்கும் தெரியாது.

அன்ரன் வரவில்லை. சூசை அண்ணன் வாசல் கதவைப் பூட்டுவதில்லை. நான் மறைக்கல்வி வகுப்புக்கு இரண்டு ஞாயிறு போகவில்லை, பிறகு போனேன். செபம் என்றால் என்ன என்று பாடத்தில் வந்தபோது, பிள்ளைகளைப் பாட்டுப் பாட விட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். வாடியில் இப்போது நானும் ஒரு மீனுக்கு ஒரு மரியே சொல்லுகிறேன். அக்காவுக்கு வந்த நிம்மதி எனக்கு ஒரு நாளும் வரவில்லை. கை மட்டும் நிற்காமல் ஓடுகிறது.

சூசை அண்ணன் அந்தப் பேப்பர்ச் சுற்றை என்னிடமே தந்துவிட்டார். அக்காவினதாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். விளக்கு வைக்கும் நேரத்தில் மேசையில் விரித்து, ஒவ்வொன்றாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றுகிறேன். ஒன்பது வரை செபம் சொல்லுகிறேன். பத்தாவது அவரிடம் இருக்கிறது. அந்த இடம் வரும்போது எனக்குச் செபம் வருவதில்லை. போய்ச் சேர்ந்ததா அக்கா என்று மட்டும் கேட்கிறேன்.